கோடை மாலையில் பூங்காக் கச்சேரி: 500 பேருக்கு ஒருநாள் இசை விழா நடத்தும் முறை

சென்னையில் பூங்காவில் பாட்டு என்பது புதிதல்ல. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகள் மைக் இல்லாமல் பாடியிருக்கிறார்கள். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஒன்று இளவெயிலில் நடந்தது, இன்னொன்று தை மாதத்தில். அதே வேலையை மே மாத மாலையில் செய்யப் போனால் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும்: தலைக்கு மேலே சூரியன், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கப் போகிறவர். சூரியனை யாரும் மறப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரரைத்தான் மறந்துவிடுகிறார்கள். விழாவைப் பாதியில் நிறுத்த அவருடைய ஒரு போன் போதும்.

இந்த வழிகாட்டி குடியிருப்பு சூழ்ந்த மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஒரே மாலையில் நான்கு நிகழ்ச்சிகள், 500 நாற்காலிகள் என்ற அளவை மனத்தில் வைத்து எழுதியது. கூட்டம் நூறுக்குள் அடங்குமானால் மைக்கே வேண்டாம். காலை 7 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

ஆறு வாரம் முன்பு: டேப்போடு ஒரு நடை

பகலில் போய்ப் பார்த்துப் பயனில்லை. விழா நடக்கப்போகும் நேரத்திலேயே, மாலை 6 மணிக்குப் போங்கள். கையில் 50 மீட்டர் டேப் இருக்கட்டும்.

முதலில் அளக்க வேண்டியது மேடைக்கான இடத்தை அல்ல. எல்லைச் சுவரிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் இருக்கிறது, மிக அருகிலுள்ள படுக்கையறை ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை. அடுத்து, 100 மீட்டருக்குள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அது அமைதி மண்டலமாக இருக்கக்கூடும். அங்கே ஒலிபெருக்கி என்ற பேச்சே கிடையாது. பள்ளிக்குக் கோடை விடுமுறைதானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பிறகு வாசல்கள். பல பூங்காக்களில் அன்றாடம் திறந்திருப்பது ஆள் மட்டும் நுழையும் குறுகலான கேட்தான். சக்கர நாற்காலியோ ஸ்ட்ரெச்சரோ அதில் வராது. பெரிய கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இரவு எத்தனை மணிவரை இருப்பார் என்று கேளுங்கள். காவலாளி எட்டரைக்குச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால் ஆம்புலன்ஸ் தெருவிலேயே நிற்கும். அன்றைக்கு அந்தச் சாவி உங்கள் ஆள் ஒருவர் கழுத்தில் தொங்க வேண்டும்.

கடைசியாகத் தரை. புல்தரைக்குத் தானியங்கித் தெளிப்பான் போட்டிருக்கிறார்களா? டைமரை நிறுத்தாமல் விட்டால், பாட்டு நடுவில் ஒலியைக் கலக்கும் கருவியான மிக்ஸர் மேல் தண்ணீர் பீய்ச்சும். விழாவுக்கு முந்தைய நாளிலிருந்து நீர் பாய்ச்ச வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவையுங்கள். ஈரப் புல்லில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் புதையும், கேபிள் சேற்றில் கிடக்கும்.

அனுமதிகள்

பூங்காவைப் பயன்படுத்த மாநகராட்சி மண்டல அலுவலகம், கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல்துறை என இரண்டும் எழுத்தில் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 என்பது பொது வரம்பு. பொது இடத்தின் எல்லையில் உங்கள் ஒலி இதற்கு மேல் 10 டெசிபல்வரை போகலாம், ஆனால் 75ஐத் தாண்டக் கூடாது. அதாவது குடியிருப்புப் பகுதிப் பூங்காவின் மதில் சுவரில் உங்களுக்கான எண் 65. இனி வரும் கணக்கெல்லாம் இந்த 65ஐச் சுற்றித்தான்.

பாட்டுக்கான உரிமையும் உண்டு. இயற்றியவர் இறந்து 60 ஆண்டு கழிந்த உருப்படிகளுக்கு யாரையும் கேட்க வேண்டாம். தியாகராஜரும் தீட்சிதரும் அதில் அடங்குவர். ஆனால் கர்நாடக இசை என்றாலே பழையது என்று எண்ணிவிடக் கூடாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவர் பாடல்களுக்குக் காப்புரிமை 2033 முடியும்வரை உண்டு. திரைப்பாடல்களை மேடையில் பாடுவதற்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் உரிமம், இடைவேளையில் ஒலித்தட்டுப் பாட்டைப் போடுவதற்குத் தனி உரிமம். இடைவேளையில் எதையும் போடாமல் இருப்பதே மேல். காதுக்கும் ஓய்வு கிடைக்கும், ஒரு செலவும் மிச்சம்.

கூட்டத்தை நீளமாக உட்கார வைக்காதீர்கள்

விழாவின் தலைவிதி முடிவாவது இங்கேதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து மதில் சுவர் 80 மீட்டர், கடைசி வரிசையில் 75 டெசிபல் கேட்டால் போதும் என்று வைத்துக்கொள்வோம். கச்சேரிக்கு அது தாராளம்.

நாற்காலிகளை 40 மீட்டர் நீளத்துக்குப் போட்டால், கடைசி வரிசைக்கு 75 வேண்டுமென்றால் ஸ்பீக்கர் அருகே 1 மீட்டரில் 107 வைக்க வேண்டும். முன்வரிசையில், 5 மீட்டரில், அது 93. பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். மதில் சுவரில் 69. வரம்பு மீறியாயிற்று.

அதே 500 பேரை 20 மீட்டர் ஆழம், 25 மீட்டர் அகலத்தில் விசிறிபோல் உட்கார வையுங்கள். ஸ்பீக்கரில் 101 போதும். முன்வரிசைக்கு 87, மதில் சுவரில் 63. வாடகை ஒன்றுதான், ஸ்பீக்கர் ஒன்றுதான். நாற்காலி போட்ட விதம் மட்டும்தான் மாறியது. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் நடைபாதைக்கும் இடம் சேர்ந்துவிடும். நடு வழியின் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசைக்கு 12 நாற்காலிக்கு மேல் வேண்டாம். நடுவிலும் இரு ஓரங்களிலும் 2 மீட்டர் வழி விடுங்கள். அந்த வழியில் எக்ஸ்ட்ரா நாற்காலி போட வரும் உறவினர் ஒருவர் எல்லா விழாவிலும் உண்டு. அவரை நிறுத்த ஓர் ஆள் போடுங்கள்.

இடம் நீளவாக்கில்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் 20 மீட்டரில் இன்னொரு ஜோடி சிறிய ஸ்பீக்கரை உயரத்தில் கட்டி, முகத்தைக் கீழே சாய்த்து வையுங்கள். 32 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எனவே 20 மீட்டரைக் கடக்க 57 மில்லிநொடி. பின் ஜோடிக்கு அந்தத் தாமதத்தோடு 10 மில்லிநொடி சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழும்.

மேடையின் திசையும் உயரமும்

பாடகர் கிழக்கு நோக்கி உட்கார வேண்டும் என்று விரும்புவார்கள். அப்படியானால் ரசிகர்கள் மேற்கே பார்ப்பார்கள், மாலை 5 மணி வெயில் அவர்கள் கண்ணில். மே மாதச் சென்னையில் சூரியன் மறைய ஆறரை ஆகும். கிழக்கு முகம்தான் வேண்டும் என்றால் மேடைக்குப் பின்னால் அடர்ந்த மரங்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள், அல்லது ஆறேகாலுக்குத் தொடங்குங்கள். சூரியனைவிட முக்கியம் ஜன்னல்கள்: ஸ்பீக்கரின் முதுகு நெருக்கமான வீடுகளைப் பார்க்க வேண்டும், முகம் சாலையையோ மைதானத்தையோ. முதுகுப் பக்கம் உச்ச ஒலிகள் நன்றாக அடங்கிவிடும். தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப் அடங்காது. தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும், சுவரைத் தாண்டி ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். மைக்செட்காரர் நான்கு சப் கொண்டுவருகிறேன் என்பார்; ஒன்றோ இரண்டோ போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மேடை 24க்கு 16 அடி, உயரம் 3 அடி. கர்நாடகக் கலைஞர்கள் தரையில் அமர்வதால் 2 அடி மேடையில் நான்காம் வரிசைக்கே முன்னால் இருப்பவர்களின் தலைகள்தான் தெரியும். குழி தோண்ட வேண்டாம், வேர் அறுபடும். மரத்தில் ஆணி அடிப்பதும் கூடாது.

பின்னணி பேனரைப் பற்றி ஒரு கணக்கு. 24க்கு 12 அடி ஃப்ளெக்ஸ் மீது மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் அதன் மேல் விழும் தள்ளுவிசை சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். கோடை இடிமழைக்கு முன் வரும் காற்று இந்த வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். சவுக்குக் கட்டையில் கயிறு கட்டி நிறுத்திய சட்டம் அதைத் தாங்காது, சரிந்தால் மிருதங்கக்காரர் முதுகில்தான் விழும். ஃப்ளெக்ஸுக்குப் பதில் வலைத் துணி போடுங்கள், உயரத்தை 8 அடிக்குள் வையுங்கள், இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சில் கட்டச் சொல்லுங்கள். ஸ்பான்சர் பெயர் சிறிதாகிவிட்டதே என்று வருத்தப்படுவார். படட்டும்.

மின்சாரம்

ஒலிக்கு 6 கிலோவாட், எல்இடி விளக்குக்கு 2, பெரிய ஸ்டாண்டு ஃபேன் 12க்கு இரண்டரை, பாதைகளுக்கும் சில்லறைக்கும் ஒன்றரை என மொத்தம் 12. ஜெனரேட்டரை அளக்கும் கேவிஏ கணக்கில், பவர் ஃபேக்டர் 0.8 என்றால், இது 15 கேவிஏ. ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஓட்டக் கூடாது என்பதால் 25 கேவிஏ எடுங்கள், சத்தமில்லாத கூண்டு வைத்தது. காற்று போகும் திசையில், மேடைக்குப் பின்னால் 30 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். டீக்கடைக்காரர் தன் இண்டக்‌ஷன் அடுப்பைச் சொருக வருவார். ஒன்று 2 கிலோவாட் தின்னும். அவருக்குத் தனி இணைப்பு கொடுங்கள், அல்லது கேஸ் அடுப்பு.

நடக்கும் விபத்துகளில் மிக மோசமானது நியூட்ரல் கழன்றுவிடுவது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் தளர்ந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400க்கு அருகில்கூடப் போகும். ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் நொடியில் கருகும். எனவே ஒவ்வொரு போர்டிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பொருளைச் சொருக வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். டேப் சுற்றிய ஜாயின்ட் புல்மேல் கிடக்கக் கூடாது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று விடாத இரைச்சல் கேட்டால், மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு எர்த்தில் இருக்கின்றன என்று பொருள். இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். எர்த் பின்னைப் பிடுங்கி இரைச்சலைத் தீர்க்க யாராவது முயன்றால் அனுமதிக்காதீர்கள். பாடகர் உதடு மைக்கில் இருக்கிறது.

வாத்தியங்களுக்கு வெயில் என்ன செய்யும்

வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகள்) தேன்மெழுகில் கரி கலந்து அமைத்த தளத்தில்தான் நிற்கின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் அரைமணி நேரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு அசையும். மேளம் கட்டும்வரை, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பதிக்கும்வரை, அந்த வீணை வாசிக்க முடியாது. கலைஞரை அழைத்துவரும் வண்டி ஓட்டுநருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மிருதங்கத்தின் தோல் வறண்ட சூட்டில் இறுகிச் சுருதி ஏறும், கடற்காற்றின் ஈரத்தில் தளர்ந்து இறங்கும். மூன்று மணிக்குச் சேர்த்த சுருதி ஆறு மணிக்கு இருக்காது. வாசிக்கும் இடத்திலேயே, நிழலில், 20 நிமிடம் வாத்தியம் இருந்த பிறகு சேர்க்க நேரம் கொடுங்கள். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் பூசிய ரவை ஃபேன் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கிண்ணம் தண்ணீர் பக்கத்தில் வைத்தால் மிருதங்கக்காரர் உங்களை நினைவில் வைத்துக்கொள்வார். நாதஸ்வரக் கலைஞருக்கும் அப்படியே. அவர் வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரமாக இருக்க வேண்டும். பறை காய்ச்ச நெருப்பு வேண்டும். புல்லில் மூட்டாமல், மணல் கொட்டிய இரும்புத் தட்டும் இரண்டு வாளித் தண்ணீரும் மேடைக்குப் பின்னே தயாராக வையுங்கள், அனுமதிக் கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

மேடை ஃபேன்கள் மைக்கைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டிலிருந்து முதுகுக்கு அடிக்கட்டும். எல்லா மைக்குக்கும் நுரை உறை கட்டாயம். கடற்காற்று மைக்கில் மோதினால் இடி முழங்குவது போல் கேட்கும்.

நிகழ்ச்சி வரிசை: பெரிய சத்தம் முதலில்

வழக்கமாகப் பறையும் மெல்லிசைக் குழுவும் கடைசியில் வரும். பூங்காவில் இதைத் தலைகீழாக்குங்கள். சூரியன் மறைந்ததும் தரை குளிரும், தரையை ஒட்டிய காற்றும் குளிரும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கித் தூரம் போகும். ஆறு மணிக்கு யாரும் கவனிக்காத அதே ஒலி அளவு ஒன்பது மணிக்கு மூன்று தெரு தாண்டிக் கேட்கும். போக்குவரத்து இரைச்சலும் அதற்குள் அடங்கியிருக்கும். புகார் ஒன்பது மணிக்கு வருவதற்கு இதுதான் காரணம். வீட்டுக்காரர் வேண்டுமென்றே செய்வதில்லை.

இப்படி அமைக்கலாம்: 5:45க்கு நாதஸ்வரம், தவில், மைக் இல்லாமல், நுழைவாயிலில். கூட்டத்தை அது தானே உள்ளே இழுத்துவிடும். 6:30க்குப் பறை. 7:10க்கு மெல்லிசை, டிரம் செட் இல்லாமல், கையால் தட்டும் பெட்டித் தாளமான கஹோன் வைத்து. 8:10 முதல் 9:30வரை வாய்ப்பாட்டு அல்லது வீணை. கடைசி அரைமணி உங்கள் கையிருப்பு. தலைவர் உரை என்று யாராவது கேட்டால் 6:25க்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், அதற்குப் பிறகு கிடையாது.

வாய்ப்பாட்டுக்கு மிக்ஸரில் ஆறு சேனல் (மைக் இணைப்பு) போதும்: குரல், தம்புரா, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கடம் அல்லது கஞ்சிரா. ஒவ்வொரு குழுவின் சேனல் பட்டியலையும் ஒரு வாரம் முன்பே வாங்கிவிட்டால் மேடை மாற்றம் 15 நிமிடத்தில் முடியும். வாங்காவிட்டால் நாற்பது. ஒலிச் சோதனை 3 முதல் 5வரை, வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி: கடைசியில் பாடுபவர் முதலில் சோதிப்பார், முதலில் வாசிப்பவரின் மைக்குகள் அப்படியே நிற்கும். மிக்ஸருக்கு மேல் குடை கட்ட மறக்காதீர்கள். வெயிலில் திரை கறுத்து ஒன்றும் தெரியாது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அதே நேரத்தில் மதில் சுவரில் ஒலி மீட்டரோடு நின்று, பாட்டே இல்லாத அளவைக் குறித்துவையுங்கள். சாலையோரச் சுவரில் அதுவே 65ஐத் தாண்டியிருக்கலாம். காவலர் வந்து கேட்டால் காட்ட அந்தக் குறிப்பு உதவும். அன்று 6, 7, 8, 9 மணிக்கு ஓர் ஆள் சுற்றிவந்து அளக்க வேண்டும். எட்டு மணிக்கு 3 டெசிபல் குறைக்கச் சொல்லி மைக்செட்காரரிடம் முன்பே பேசிவையுங்கள். சுற்றியுள்ள வீடுகளுக்கு மூன்று நாள் முன்பு நேரம், முடியும் மணி, ஒரு போன் எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு. அந்த எண்ணை எடுப்பவர் மிக்ஸர் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்களைக் கூப்பிட முடிந்தவர் காவல் நிலையத்தைக் கூப்பிட மாட்டார்.

தண்ணீர், மோர், ஈசல்

ஆளுக்கு ஒரு லிட்டர் என்று 500, கலைஞர்களுக்கும் தொண்டர்களுக்கும் 100. ஆக 20 லிட்டர் கேன் 30. நான்கு இடங்களில் பிரித்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் இடைவேளையில் தள்ளுமுள்ளுதான். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் 200 வாங்கி, கழுவ இரண்டு பேரைப் போடுங்கள்.

நீர்மோர் ஆளுக்கு 150 மில்லி: 15 லிட்டர் தயிர், 60 லிட்டர் தண்ணீர், 300 கிராம் உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். கேன் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பார் ஐஸை மோருக்குள் போடாதீர்கள். அது குடிக்கும் தண்ணீரில் செய்ததென்று யாரும் உறுதி தர முடியாது. அண்டாவை அதன் நடுவில் இறக்கி வைத்தாலே போதும்.

கழிப்பறை ஆறு: நான்கு பெண்களுக்கு, இரண்டு ஆண்களுக்கு. பூங்காவில் இருப்பது பூட்டியிருந்தால் வாடகைக்கு எடுங்கள்.

முதலுதவி மேசையில் ஓஆர்எஸ், ஈரத்துணி, மடக்குக் கட்டில். தலைசுற்றி வியர்த்துக் கிடப்பவரை நிழலில் படுக்க வைத்து, மெதுவாகக் குடிக்கக் கொடுக்கலாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்: 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கொசுப் புகை முந்தைய மாலையோடு முடியட்டும். அன்றே அடித்தால் பாடகர் இருமுவார். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஈசல் கிளம்பும், வாயைத் திறந்து பாடுகிறவருக்கு அதைவிடத் தொல்லை இல்லை. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் பளீரென்ற வெள்ளை விளக்கு ஒன்றை ஏற்றி, மேடையில் மங்கிய மஞ்சள் விளக்கு வையுங்கள். கூட்டம் அங்கே போய்விடும். ஈசல் கூட்டத்தைத்தான் சொல்கிறோம்.

இடி, மழை

அன்று மதியத்திலிருந்து வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடை மழை மேற்கிலிருந்து வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது: பாட்டை நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழிந்தால்தான் மீண்டும். அறிவிப்பு வாசகத்தை முன்பே தாளில் எழுதி வையுங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், அருகிலுள்ள கட்டடத்துக்கோ வண்டிக்கோ போங்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பிறகு வரிசை இதுதான்: ஆள் இறங்குவது, மின்சாரத்தை நிறுத்துவது, வாத்தியங்களை எடுப்பது, கடைசியில் மிக்ஸர் மேல் தார்ப்பாய். பலரும் தார்ப்பாயில் தொடங்குகிறார்கள், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரவு 10க்குப் பிறகு

வாத்தியங்கள், மைக், மிக்ஸர் மட்டும் அன்றிரவு வண்டி ஏறட்டும். இரும்புக் கால்களையும் பலகையையும் பிரித்து லாரியில் எறியும் ஓசை பாட்டைவிடக் கொடுமை. அதைக் காலை 7 மணிக்கு வைத்து, இரவுக் காவலுக்கு இருவரை நிறுத்துங்கள். காலையில் ஒப்படைக்கும் முன் புல்தரையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாருங்கள். கேபிள் டை, கம்பித் துண்டு, ஆணி எல்லாம் செருப்பில்லாமல் நடைப்பயிற்சிக்கு வருகிறவர் காலுக்குக் காத்திருக்கும். காந்தம் கட்டிய குச்சி ஒன்று இருந்தால் அரைமணியில் முடியும் வேலை. தெளிப்பான் டைமரைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.